நொண்டி நாடகம் முதல் ‘மயூரி’ வரை: உறுப்பிழப்புக் கதையாடலும் பொதுவிழிப்புணர்வும்

ஆய்வுச்சுருக்கம்

கை, கால் இழந்தோர் குறித்துப் பொதுமக்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்தச் சொல்லப்படும் கதைகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் அமைகின்றன. இழப்பு, துயரம், மனவுறுதி, மீட்சி என்று நகரும் அவ்வார்ப்பு இக்காலத்தில் புதிதாகத் தோன்றியதன்று. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் தமிழில் வழங்கிய நொண்டி நாடகங்களில் அதன் முழுவடிவத்தைக் காணலாம். 1985இல் வெளிவந்த ‘மயூரி’ திரைப்படம் அவ்வார்ப்பைப் புதுப்பித்தது. இவ்விரண்டையும் ஒப்பிட்டு, மீட்சிக்கதை பொதுமக்களுக்கு எதைக் கற்பித்தது, எதை மறைத்தது என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். படத்தின் மையத்தில் உள்ள ஜெய்ப்பூர் காலின் தொழில்நுட்ப வரலாறு படத்தின் கதையிலிருந்து வேறுபட்ட ஒரு விழிப்புணர்வு முறையைக் கொண்டுள்ளது என்பதும் இங்கு எடுத்துக்காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: உறுப்பிழப்பு, நொண்டி நாடகம், மயூரி, ஜெய்ப்பூர் கால், பொற்கைப் பாண்டியன், மாற்றுத்திறனாளர் ஆய்வியல்

முன்னுரை

ஐக்கிய நாடுகள் அவை 1992ஆம் ஆண்டு அறிவித்ததற்கிணங்க, ஆண்டுதோறும் டிசம்பர் 3ஆம் நாள் அனைத்துலக மாற்றுத்திறனாளிகள் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்நாளையொட்டிக் கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் நடைபெறும் கூட்டங்களில் இருவகைப் பேச்சுகளைக் கேட்கலாம். ஒன்று இரக்கத்தைக் கோருவது. மற்றொன்று வியப்பை எழுப்புவது. கால் இழந்தவர் முன்னதில் உதவி பெறுபவராகவும் பின்னதில் சாதனையாளராகவும் நிறுத்தப்படுகிறார். காலையில் எழுந்து செயற்கைக்காலை மாட்டிக்கொண்டு பேருந்துக்குக் காத்துநிற்கும் ஒருவருக்கு அக்கூட்டங்களில் இடம் குறைவு.

ரோஸ்மேரி கார்லண்ட் தாம்சன், உடற்குறை காட்சிப்படுத்தப்படும் முறைகளை வியப்பு, இரக்கம், அயன்மை, இயல்பு என நான்காகப் பகுத்துக் காட்டினார். டேவிட் மிட்செல், ஷரன் ஸ்னைடர் ஆகிய இருவரும் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், கதைகள் உடற்குறையை ஊன்றுகோலாகக் கொண்டே நடக்கின்றன என்றனர். ஒரு குறையைக் காட்டிக் கதை தொடங்குகிறது. அக்குறையைக் குணப்படுத்தியோ, மீட்டோ, அழித்தோ, புதிதாக மதிப்பிட்டோ கதை முடிகிறது. குறையுடைய மாந்தர் கதைக்குத் தேவைப்படும் அளவுக்கு அம்மாந்தருக்குக் கதை பயன்படுவதில்லை என்பது அவர்களது வாதத்தின் சாரம். மேலைப் புதினங்களைக் கொண்டு உருவாக்கப்பட்ட இவ்வாதத்தைத் தமிழுக்கு அப்படியே பொருத்துவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதற்குத் தேவையும் இல்லை. உறுப்பிழந்தவனையே தலைவனாகக் கொண்ட ஒரு தனி இலக்கிய வகையைத் தமிழ் பெற்றுள்ளது. அவனுக்கெனத் தனி யாப்பும் உண்டு. ஆய்வை அங்கிருந்து தொடங்குவதே முறை.

‘உறுப்பிழப்பு’ என்னும் சொல் இக்கட்டுரையில் பிறப்புக்குப் பின் நேர்ந்த கை, கால் இழப்பை மட்டும் குறிக்கிறது. புறநானூற்றின் 28ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் எண்வகை எச்சங்களை எண்ணிக் கூறுவார். உருவம் நிரம்பாத பிண்டமும் அவற்றுள் ஒன்று. எனினும் அவை பெரிதும் பிறப்போடு வருவன. நடந்துகொண்டிருந்தவன் கால் இழக்கும் நிலை அப்பட்டியலில் இல்லை. ‘மாற்றுத்திறனாளி’ என்னும் இன்றைய சொல் ‘ஊனமுற்றோர்’ என்பதைவிட மதிப்பானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் பார்வையிழப்பு முதல் தொழுநோய்க்குப் பின்னான குறை வரை அனைத்தையும் ஒரு குடைக்கீழ் வைப்பதால், உறுப்பிழப்பின் தனித்தன்மை அச்சொல்லில் கரைந்துவிடுகிறது.

நொண்டி நாடகத்தின் கதையிலக்கணம்

சிற்றிலக்கியக் காலத்தின் பிற்பகுதியில் தோன்றிய நொண்டி நாடகங்களின் கதை, ஊரும் தெய்வமும் மாறினும், ஏறத்தாழ ஒன்றே. ஒருவன் பரத்தை ஒருத்தியிடம் பொருளையெல்லாம் இழக்கிறான். இழந்ததை ஈடுகட்டத் திருடத் துணிகிறான். குதிரையைத் திருடும்போது பிடிபடுகிறான். தண்டனையாக அவனுடைய காலும் கையும் வெட்டப்படுகின்றன. வழியில் ஒருவரின் இரக்கத்தால் அறிவுரை பெற்று இறைவனை வேண்டுகிறான். இழந்த உறுப்புகள் மீள வளர்கின்றன. திருச்செந்தூர் நொண்டி நாடகத்தில் முருகனின் அருளும், சீதக்காதி நொண்டி நாடகத்தில் வள்ளல் சீதக்காதியின் ஆதரவும் மக்காப் பயணமும் அம்மீட்சிக்குக் காரணமாகின்றன. கிறித்தவச் சார்புடைய ஞான நொண்டி நாடகமும் உண்டு. மூன்று சமயத்தாரும் ஒரே கதைக்கூட்டை எடுத்துக்கொண்டனர் என்பது அக்கூடு மக்களிடையே எவ்வளவு செல்வாக்குப் பெற்றிருந்தது என்பதைக் காட்டும்.

இவ்வகைமை குறித்து எழுதியோர் பெரும்பாலும் இதன் அறநோக்கையும் நகைச்சுவையையும் சிந்து யாப்பையும் பேசினர். உறுப்பிழப்பு நோக்கில் காணும்போது மூன்று செய்திகள் முதன்மை பெறுகின்றன. முதலாவது, இழப்புக்கு ஒரு காரணம் கற்பிக்கப்படுகிறது. அவன் கால் ‘வெறுமனே’ போகவில்லை. செய்த குற்றத்துக்கு விலையாகப் போயிற்று. இரண்டாவது, கதை முடிய வேண்டுமானால் கால் திரும்ப வந்தாக வேண்டும். ஒற்றைக்காலுடன் அவன் ஊர் திரும்பி வாழ்ந்தான் என்று எந்த நொண்டி நாடகமும் முடிவதாகத் தெரியவில்லை. அருளின் சான்றாக நிற்பது வளர்ந்த கால்தான். காலின்றி வாழும் வாழ்வு அருளற்ற வாழ்வு என்னும் குறிப்பு இதனுள் பொதிந்துள்ளது.

மூன்றாவது செய்தியே இவ்வகைமையின் பெருமை. கதையைச் சொல்பவன் அவனே. நொண்டி தன் வரலாற்றைத் தன் வாயால், தன் நடையின் தாளத்தில், அவையோரை நோக்கிப் பாடுகிறான். தன்னை எள்ளி நகையாடிக்கொள்கிறான், பிறரையும் எள்ளுகிறான். காலிழந்தவனின் நடையிலிருந்து தமிழ் ஒரு யாப்பைப் பெற்றது. பாரதி வரை அது நொண்டிச் சிந்தாகத் தொடர்ந்தது. அந்நடையைத் தமிழ்ச்செவி பல தலைமுறைகளாக இன்பமாகக் கேட்டுவந்திருக்கிறது. அந்நடைக்குரியவன் தெருவில் வரும்போது அவன் பெயரே வசையாகிவிடுகிறது என்பது வேறு.

பொன்கையும் துண்டான கையும்

நொண்டி நாடகத்துக்கு முன்னும் உறுப்பிழப்பு தமிழ்க் காப்பியங்களில் பேசப்பட்டுள்ளது. சிலப்பதிகாரக் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குப் பாண்டியரின் முறைதவறா மரபை விளக்குமிடத்தில், கீரந்தை மனைவியின் கதவைத் தட்டிய தன் கையைத் தானே குறைத்துக்கொண்ட மன்னனைச் சுட்டுகிறது. சிலம்பு, கை குறைத்த செய்தியோடு நின்றுவிடுகிறது. அம்மன்னன் பொன்னால் கை செய்து பொருத்திக்கொண்டான் என்பது ‘பொற்கைப் பாண்டியன்’ என்னும் பெயரோடு வழங்கிவரும் மரபு. தமிழ் நினைவில் உள்ள முதற் செயற்கையுறுப்பு இதுவே எனலாம். இக்கை எதையும் பிடிக்கவோ தூக்கவோ செய்யப்பட்டதன்று, காணப்படுவதற்காகவே செய்யப்பட்டது. இழப்பை மறைக்காமல், அதை நீதியின் அடையாளமாக ஒளிரச் செய்தது.

இதனருகே வைத்து நோக்க வேண்டியது பெரியபுராணத்துக் கழற்சிங்க நாயனார் வரலாறு. திருவாரூர்க் கோயிலில் விழுந்துகிடந்த பூவை எடுத்து மோந்த பட்டத்தரசியின் மூக்கைச் செருத்துணையார் அரிகிறார். செய்தியறிந்த மன்னர், பூவை எடுத்தது கையன்றோ எனக் கருதி அவள் கையையும் துண்டிக்கிறார். மன்னரின் தொண்டுறுதி வானோரால் போற்றப்படுகிறது. அதன்பின் அரசி என்ன ஆனாள் என்பதைக் காப்பியம் தொடரவில்லை. தன் கையைத் தானே வெட்டிய மன்னனுக்குப் பொன்கையும் பெயரும் கிடைத்தன. வெட்டப்பட்ட அரசிக்கு இரண்டும் இல்லை. உறுப்பிழப்பு மதிக்கப்படுவது இழந்தவர் யார், எதற்காக இழந்தார் என்பதைப் பொறுத்தது என்னும் உண்மையை இவ்விரு கதைகளும் சேர்ந்து உணர்த்துகின்றன.

விபத்தில் இழந்தவர், கரும்பாலையில் இழந்தவர், சருக்கரை நோயால் இழந்தவர் ஆகியோர் இம்மரபில் எங்கும் இல்லை. குற்றமோ தியாகமோ அற்ற இழப்பை எடுத்துரைக்க இக்கதைகளிடம் மொழி இல்லை.

மயூரி: மேடையேறிய கால்

1981ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளி அருகே நேர்ந்த பேருந்து விபத்தில் காயமுற்ற பரதநாட்டியக் கலைஞர் சுதா சந்திரனின் வலக்கால், காயத்தில் அழுகல் பரவியதால் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டது. அப்போது அவர் பதின்வயதினர். ஜெய்ப்பூரில் செய்யப்பட்ட செயற்கைக்கால் பொருத்தி, கடும் பயிற்சிக்குப்பின் 1984இல் மீண்டும் மேடையேறினார். அவர் வாழ்வைத் தழுவிச் சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கத்தில் 1985இல் தெலுங்கில் வெளிவந்த படம் ‘மயூரி’. தலைமைப் பாத்திரத்தில் சுதா சந்திரனே நடித்தார். படம் தமிழில் மொழிமாற்றம் செய்யப்பட்டுப் பெருவரவேற்பைப் பெற்றது. 1986இல் இந்தியிலும் மீளாக்கம் செய்யப்பட்டது. அவர் நடிப்புக்குத் தேசியத் திரைப்பட விருது வரிசையில் நடுவர் குழுவின் சிறப்பு விருது கிடைத்தது.

இப்படத்தின் பயனைக் குறைத்து மதிப்பிட இயலாது. ‘ஜெய்ப்பூர் கால்’ என்னும் சொல் தென்னிந்திய இல்லங்களுக்குள் நுழைந்ததில் இதன் பங்கு பெரிது. உறுப்பிழந்தவர் வேடத்தை உறுப்பிழந்தவரே ஏற்று நடிப்பது இன்றும் அரிதாக இருக்க, 1985இலேயே அது நிகழ்ந்தது. காதலித்தவன் விலகிச் செல்வதையும், வெற்றிக்குப்பின் திரும்பி வருபவனை அவள் ஏற்க மறுப்பதையும் காட்டிய வகையில், இரக்கத்தைத் துணையாகக் கொள்ளாத பெண்ணொருத்தியைப் படம் முன்வைத்தது.

இருப்பினும் அதன் கதையமைப்பு நொண்டி நாடகத்தின் கதையமைப்பே. இழப்பு வருகிறது, சுற்றத்தார் விலகுகின்றனர், தொலைவிலிருந்து ஓர் அருள் புலப்படுகிறது, நெடும்பயணம் மேற்கொள்ளப்படுகிறது, கால் திரும்பக் கிடைக்கிறது, அவையோர் முன் அது மெய்ப்பிக்கப்படுகிறது. திருச்செந்தூரும் மக்காவும் இருந்த இடத்தில் ஜெய்ப்பூர் இருக்கிறது. இறையருளின் இடத்தில் அறிவியலும் மனவுறுதியும் உள்ளன. இம்மாற்றம் சிறியதன்று. குற்றத்துக்குத் தண்டனையாகக் கால் போயிற்று என்னும் பழைய கணக்கு ஒழிந்தது. ஆனால் அதனிடத்தில் வேறொரு கணக்கு வந்தமர்ந்தது. உறுதியுடையவர்க்குக் கால் மீளும் என்றால், மீளாதவர் உறுதியற்றவர் என்று முடிகிறது. நொண்டி நாடகத்தில் இழப்புக்குக் குற்றம் காரணம்; மயூரியின் வழிவந்த மேடைப்பேச்சுகளில் மீளாமைக்குக் குற்றம் காரணம். ‘பொறியின்மை’ எனத் தொடங்கும் 618ஆம் குறளுக்குப் பரிமேலழகர் விதியெனப் பொருள்கொண்டிருக்க, உறுப்புக்குறை எனக் கொள்ளும் இக்கால உரை விழிப்புணர்வு மேடைகளில் பெருவழக்காகியிருப்பதும் இதனோடு இணைத்து எண்ணத்தக்கது. முயற்சியின்மையே பழி என்னும் அக்குறளின் பிற்பகுதி, உறுப்பிழந்தவரை நோக்கித் திருப்பப்படும்போது அறவுரை நிலையிலிருந்து மாறி ஒரு சுமையாகிறது.

மேலும் ஒரு முரண் நோக்கத்தக்கது. நொண்டி நாடகத்தில் இரு காலும் உடைய நடிகர் ஒரு காலை இழந்தவராகத் தோன்றி நொண்டியாடுவார். மயூரியில் ஒரு காலை இழந்தவர் இரு காலும் உடையவர்போல் தோன்றுமாறு ஆட வேண்டும். செயற்கைக்கால் எது என்று அவையோர் அறியாதிருத்தலே வெற்றி. பொற்கைப் பாண்டியனின் கை காட்டப்படுவதற்காக இருந்தது. மயூரியின் கால் மறக்கப்படுவதற்காக உள்ளது. இழப்பைக் குறித்த விழிப்புணர்வுப் படம், இழப்பு கண்ணுக்குத் தெரியாமற்போவதை இலக்காகக் கொள்கிறது.

ஜெய்ப்பூர் கால்: ஒரு கேள்வியின் வடிவம்

திரையில் அருளாகத் தோன்றும் அந்தக் கால் வரலாற்றில் எவ்வாறு உருவாயிற்று என்பதைக் காணும்போது, படம் சொல்லாத மற்றொரு கதை கிடைக்கிறது. 1960களில் இந்தியாவில் கிடைத்த செயற்கைப் பாதங்கள் மேலைநாட்டு அமைப்பின. கணுக்கால் அசையாத கெட்டியான பாதம். அதற்கு மேல் சப்பாத்து அணிய வேண்டும். நாற்காலியில் அமர்ந்து, சமதளத்தில் நடப்பவர்க்கு அது போதும். வயலில் நடப்பவர், திண்ணையில் சம்மணமிட்டு அமர்பவர், குந்தியமர்ந்து காலைக்கடன் கழிப்பவர், கோயிலுக்கும் வீட்டுக்கும் வெறுங்காலோடு நுழைபவர் ஆகியோர்க்கு அது பயன்படவில்லை. பெற்றுச் சென்ற காலை வீட்டு மூலையில் வைத்துவிட்டு, மீண்டும் கோலூன்றி நடந்தனர்.

ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் எலும்பியல் மருத்துவர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் இராம் சந்திர சர்மாவும் இணைந்து 1968 அளவில் உருவாக்கிய பாதம், அம்மூலையில் வைக்கப்பட்ட காலிலிருந்து பிறந்தது. குதிகாலிலும் முன்பாதத்திலும் நுண்துளை ரப்பர், கணுக்காலில் மரக்கட்டை, இவற்றைச் சுற்றி டயர் செய்யப் பயன்படும் நூலிழையும் ரப்பரும். அனைத்தையும் அச்சில் இட்டு வெப்பத்தால் இறுக்கினர். விரல்களின் வடிவமும் தோலின் நிறமும் புறத்தே அமைந்தன. சப்பாத்து தேவையில்லை, நீர் புகாது, கணுக்கால் பகுதி பல திசைகளில் வளையும். கால்தண்டு முதலில் அலுமினியத் தகட்டாலும், பின்னர் உயர் அடர்த்தி நெகிழிக் குழாயாலும் செய்யப்பட்டது. 1975இல் டி. ஆர். மேத்தா தொடங்கிய பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி இக்காலை விலையின்றி வழங்கத் தொடங்கிய பின்னரே அது பரவலாயிற்று. 1981இல் மகசேசே விருதும் பத்மஸ்ரீயும் சேத்திக்கு வழங்கப்பட்டன. நான்காம் வகுப்பளவே படித்தவர் எனக் கூறப்படும் சர்மாவின் பெயர் அத்துணை பரவவில்லை. விழிப்புணர்வுக் கதைகள் ஒரு மருத்துவரை எளிதில் நினைவில் கொள்கின்றன. ஒரு சிற்பியை மறந்துவிடுகின்றன.

இங்கு ஒன்றை அழுத்தமாகக் கூற வேண்டும். மயூரியின் ஆட்டம் தனியொருத்தியின் மனவுறுதியால் மட்டும் இயன்றதன்று. பரதநாட்டியம் வெறுங்காலில் ஆடப்படுவது. முழங்காலை வெளித்திருப்பி வளைத்து நிற்கும் அரைமண்டியும், பாதத்தைத் தரையில் அறையும் தட்டடவும் அதன் அடிப்படை. சப்பாத்துக்குள் மட்டுமே நிற்கும் கெட்டிப்பாதத்தால் அது இயலாது. அரைமண்டி இயன்றது, வயலோரத்தில் குந்தியமர வேண்டிய உழவர்க்காக அப்பாதம் வளையுமாறு செய்யப்பட்டதனால். விரலுடைய பாதத்தில் சலங்கை பொருந்தியது, கோயில் வாயிலில் செருப்பைக் கழற்றும் மக்கள் வழக்கத்துக்காக அது வெறும்பாதமாகவே வார்க்கப்பட்டதனால். பெயரறியா உழவரும் கூலித்தொழிலாளரும் தமக்குப் பொருந்தாத காலை மறுத்ததன் பயனே மேடையில் ஒலித்த சலங்கை. இவ்வுண்மை மயூரி பற்றிய பாராட்டுரைகளில் இடம்பெறுவதில்லை. தனியாளின் உறுதியாகவே அது சுருக்கப்பட்டுள்ளது.

விழிப்புணர்வு என்பது அறியாத மக்களுக்கு அறிந்தவர் எடுத்துரைப்பது என்றே வழக்கமாகக் கொள்ளப்படுகிறது. ஜெய்ப்பூர் காலின் வரலாற்றில் அது எதிர்த்திசையில் நடந்தது. காலிழந்தவர் எவ்வாறு அமர்கிறார், எங்கு நடக்கிறார், ஏன் கழற்றி வைத்தார் என்பதை அறிய வேண்டியவர் மருத்துவராகவும் கைவினைஞராகவும் இருந்தனர், கற்பித்தவர் காலிழந்தவர்.

திரைக்குப் பின்னான காலம்

மீட்சிக்கதையின் மற்றொரு குறை அதன் காலக்கணக்கு. கால் பொருத்தப்பட்டதும் கதை முடிகிறது. உறுப்பிழந்தவர்க்கோ அங்குதான் தொடங்குகிறது. அறுவைக்குப் பின் எஞ்சிய கால்பகுதி முதற் சில மாதங்களில் வீக்கம் வடிந்து சுருங்கும். அதை ஏந்தும் கிண்ணம்போன்ற சாக்கெட் அப்போது தளர்ந்து, நடக்குந்தோறும் உராய்ந்து தோலைப் புண்ணாக்கும். உறை மேல் உறை அணிந்தோ, புதிய சாக்கெட் செய்தோ சரிசெய்ய வேண்டும். வளரும் பிள்ளைகளுக்கு இது மீண்டும் மீண்டும் நேரும். பாதமும் சில ஆண்டுகளில் தேயும். ஆகவே செயற்கைக்கால் ஒருமுறை கொடுத்து நிழற்படம் எடுத்துக்கொள்ளும் பரிசுப்பொருள் ஆகாது. பழுதுநோக்க ஓர் இடமும், அங்குச் சென்றுவரப் பேருந்துக் கட்டணமும், வேலைக்குச் செல்லாத நாளின் கூலி இழப்பும் அதனோடு சேர்ந்தே வருகின்றன. வழங்கும் விழாவுக்குக் கூடும் கூட்டம் பழுதுநோக்கும் பட்டறைக்குக் கூடுவதில்லை.

முழங்கால் எஞ்சியிருத்தல் எத்துணை முதன்மையானது என்பதையும் பொதுமக்கள் அறியார். முழங்காலுக்கு மேலே இழந்தவர் நடப்பதற்குச் செலவிடும் ஆற்றல், கீழே இழந்தவர் செலவிடுவதைவிடக் கணிசமாக மிகுதி. படியேறுதலும் மேடுபள்ளத்தில் நடத்தலும் அவர்க்கு வேறொரு கலை. அறுபது வயதில் சருக்கரை நோயால் தொடைவரை கால் இழந்த ஒருவரிடம், மயூரி ஆடவில்லையா என்று உறவினர் கேட்பது ஊக்கமன்று. பதின்வயது, விபத்து, முழங்காலுக்குக் கீழ் என்னும் மூன்றும் சேர்ந்த ஒரு வாழ்வை எல்லார்க்கும் அளவுகோலாக்கியதன் விளைவு அது. நீரிழிவினால் வரும் இழப்போ பெரும்பாலும் சிறு கால்புண்ணில் தொடங்குவது. உணர்விழந்த பாதத்தில் முள் தைத்ததும் தெரியாது. நாள்தோறும் பாதத்தைப் பார்த்துக்கொள்ளுமாறு கூறும் எளிய செய்தியில் வியப்பும் கண்ணீரும் இல்லை. அதனால் அது கதையாவதில்லை.

கதையாகாத இன்னொன்று, இல்லாத உறுப்பில் எழும் வலி. 1871இல் அமெரிக்க மருத்துவர் சைலஸ் வேய்ர் மிட்செல் அதற்கு மாய உறுப்பு எனப் பெயரிட்டார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன், 1990களில் ஒரு கண்ணாடியையும் பெட்டியையும் கொண்டு அவ்வலியைத் தணிக்கும் முறையை உருவாக்கினார். இல்லாத விரல் நோகிறது என்று கூறுபவரைப் பித்தர் என்றோ, பேய்பிடித்தவர் என்றோ கருதும் வீடுகளில், இஃது அறியப்பட்ட ஒரு நிலை என்னும் செய்தியே பாதி மருந்தாகக்கூடும். கால் மீண்டுவிட்டது என்று முடியும் கதைகளில் இல்லாத காலின் வலிக்கு இடமில்லை.

ஈழத்தின் அண்மை வரலாறு இதற்கு வேறொரு சூழலைத் தருகிறது. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் கால் செய்யும் நிலையம் 1987 முதல் இயங்கிவருகிறது. அங்கு இழப்பு தனியாளின் கதையாக மட்டும் இருக்க முடியாது. கண்ணிவெடியும் எறிகணையும் ஊர்தோறும் விட்டுச்சென்ற வடு அது. கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. இந்தியா இன்னும் இணையவில்லை. போர்க்கால உறுப்பிழப்பை எழுதிய ஈழப் படைப்புகள் மீட்சி வார்ப்புக்குள் அடங்குகின்றனவா என்பது தனி ஆய்வுக்குரியது.

உதவியும் உரிமையும்

சட்டம் உறுப்பிழப்பை எவ்வாறு வாசிக்கிறது என்பதும் திறனாய்வுக்குரியதே. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை, கட்டைவிரல் இழப்பை 30 விழுக்காடு எனவும் ஒரு கை இழப்பை 60 விழுக்காடு எனவும் ஈட்டும் திறன் இழப்பாகக் கணக்கிட்டது. பாண்டியனின் கைக்குப் பொன் எடையிட்டது மரபு. ஆலைத் தொழிலாளியின் கைக்கு விழுக்காடு இட்டது சட்டம். இரண்டாவது வறட்சியானது எனத் தோன்றலாம். ஆனால் அவ்வட்டவணை, இழந்தவர் நல்லவரா, உறுதியுடையவரா என்று கேட்கவில்லை. குற்றமும் தியாகமும் அற்ற இழப்புக்குக் காப்பியம் தராத இடத்தை அது தந்தது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. இயக்கக் குறைபாட்டின்கீழ்த் தொழுநோயிலிருந்து மீண்டவர், பெருமூளை வாதம், குள்ளத்தன்மை, தசைச்சிதைவு, அமிலவீச்சால் பாதிக்கப்பட்டோர் ஆகியோர் பெயர் சுட்டப்படுகின்றனர். உறுப்பிழந்தோர் அப்பொது வரையறைக்குள் அடங்குவரேயன்றித் தனியே பெயர் பெறவில்லை. சட்டப் பயனுக்கு இதனால் தடையில்லை. ஆயினும் செயற்கையுறுப்பு அணிந்தவர் பொதுவிடங்களில் எவ்வாறு நடத்தப்பட வேண்டும் என்னும் நுண்மையான வினா பல இடங்களில் விடையின்றியே நிற்கிறது.

2021 அக்டோபரில் சுதா சந்திரன் வெளியிட்ட ஒரு சிறு காணொளி அவ்வினாவை நேரே எழுப்பியது. விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் ஒவ்வொரு முறையும் செயற்கைக்காலைக் கழற்றிக் காட்டுமாறு தாம் கேட்கப்படுவதாகவும், வெடிபொருள் தடயம் அறியும் கருவியால் சோதிக்குமாறு வேண்டியும் அது ஏற்கப்படவில்லை எனவும், இது மனிதத்தன்மை உடையதா எனவும் தலைமை அமைச்சரை விளித்து அவர் கேட்டார். பாதுகாப்புப் படை வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தது. விபத்து நேர்ந்து 40 ஆண்டுகளும், படம் வெளிவந்து 36 ஆண்டுகளும் ஆகியிருந்தன. நாடறிந்த அந்தக் கால், கழற்றிக் காட்டினால்தான் நம்பப்பட்டது. மயூரி பரப்பிய விழிப்புணர்வு, சோதனை மேசைவரை வந்து சேரவில்லை.

அக்காணொளியின் வடிவம் குறித்து ஒன்று கூற வேண்டும். அதில் இசையில்லை, கதைத்திருப்பமில்லை, மீட்சியுமில்லை. உறுப்பிழந்த ஒருவர் அவையோரை நேரே நோக்கித் தன்வாயால் பேசுகிறார். நொண்டி நாடகத்துக்குப் பின் மேடைப்பேச்சுகள் பறித்துக்கொண்ட அந்தத் தன்மைக்குரல் அங்கு மீண்டும் கேட்கிறது. அவர் காலைக் கேட்கவில்லை, இரக்கத்தையும் கேட்கவில்லை. அடுத்தமுறை அதைக் கழற்றச் சொல்லாமலிருக்க ஒரு விதியைக் கேட்டார்.